விருந்தினருக்கு மட்டும்

சாந்தா குரூஸ், 14 செப்டம்பர் 1997

அக்கா,

டெல்மி வந்து சேர்ந்துவிட்டாள். டிரைவர் ரெமிகியோ அவளைத் தன் இருக்கைக்குப் பின்னாலேயே உட்கார வைத்துக் கூட்டி வந்திருக்கிறார். ஒன்பது நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவள் என்பது பார்த்த உடனே தெரிகிறது. கன்னம் ஒட்டிவிட்டது. கழுத்தெலும்புக் குழியில் ஒரு முட்டையை வைத்தால் உருளாது. ஆனால் இறங்கியதும் முதல் வேலையாக, "அம்மா, வறுத்த மரவள்ளி வாங்கிக் குடு" என்றாள். வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

நீ இல்லையென்றால் என் மகள் இல்லை. அவள் அப்பா சுரங்கத்தில் செத்துப்போனதிலிருந்து நாலு வருஷமாக அவளை மலை மேல் உன் விடுதியில் விட்டுவிட்டு நான் இங்கே சமவெளியில் கரும்பு வெட்டுகிறவர்களுக்குச் சோறாக்கிக்கொண்டிருக்கிறேன். பகலில் உன்னோடு அறைகளைக் கூட்டுகிறாள், மாலையில் பள்ளிக்கூடம் போகிறாள். பெற்றவள் நான் என்பது பேருக்குத்தான். ஆஸ்பத்திரியிலும் நீதான் இருந்தாய்.

இப்போது நான் சொல்லப்போவதை யாரிடமும் சொல்லவில்லை. ஜூலைக் குளிர்கால விடுமுறைக்கு வந்தவளை ஆகஸ்டில் திருப்பி அனுப்பினேன் அல்லவா, அந்த வாரம் இங்கே மூன்று நாளாக எலும்பைத் துளைக்கும் தென்காற்று அடித்துக்கொண்டிருந்தது. வீட்டில் கனமான போர்வை ஒன்றுதான். புறப்படும்போது கேட்டாள்: "அம்மா, இத எடுத்துக்கிட்டுப் போகட்டுமா? போய்ச் சேந்ததும் ரெமிகியோ மாமா கிட்ட குடுத்து அனுப்பிடறேன்." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மலையில பொறந்தவள குளிர் என்னடி பண்ணும்? ஒரு பொழுதுதானே" என்றேன். மெல்லிய ஸ்வெட்டரோடு ஏறிப் போனாள். அன்றைக்கு அந்தப் போர்வைக்குள் சுகமாகத் தூங்கினேன், அக்கா. நன்றாகத் தூங்கினேன். அதுதான் என்னை அறுக்கிறது.

நீ பக்கத்தில் இருந்தாய். டாக்டர் என்ன சொன்னார்? அந்தப் பேருந்துக் குளிர்தானா? டெல்மியைக் கேட்டால் "ஒன்னுமில்லம்மா" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். மறைக்காமல் எழுது.

சுல்மா


பொத்தோசி, 3 அக்டோபர் 1997

அன்புள்ள சுல்மா,

பதில் தாமதமாகிவிட்டது. சீசன் இன்னும் முடியவில்லை. பதினான்கு அறையும் நிறைந்திருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி: மலிவான அறை வேண்டும், வெந்நீர் வேண்டும், சுரங்கத்துக்குள் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும். நம் அப்பா முதுகு ஒடிந்த இடத்தை இரண்டு மணி நேரம் தவழ்ந்து பார்த்துவிட்டு வந்து, முற்றத்து வெயிலில் உட்கார்ந்து "பயங்கரம், பயங்கரம்" என்கிறார்கள். பிறகு குளிக்கத் தண்ணீர் கேட்கிறார்கள். மின்சார வெந்நீர் கீழே ஒரு குளியலறையில்தான் வருகிறது. மாடிக்கு வாளி தூக்க ஆள் போடச் சொல்லி முதலாளியிடம் கேட்டிருக்கிறேன். இலாரியோன் அய்யா எப்போது எதற்குச் சரி என்றிருக்கிறார்?

நீ கேட்டதற்கு வருகிறேன். டாக்டர் சொன்னது நிமோனியா. குளிர் நெஞ்சில் இறங்கியிருக்கிறது. பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கலாம், அந்த ஜன்னல்கள் எதுவும் ஒழுங்காக மூடுவதில்லை. உன்னை நீயே நொந்துகொள்ளாதே. எந்தத் தாய்க்கும் நடக்கக்கூடியதுதான். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை.

ரெமிகியோவிடம் ஒரு மூட்டை அனுப்புகிறேன். உலர்த்திய கிழங்கு, கோக்கா இலை, டெல்மியின் புத்தகங்கள். கூடவே ஒரு அல்பாக்காப் போர்வை. புதியது, நல்ல கனம். உனக்கும் அவளுக்கும் ஆகும்.

அவள் அங்கேயே நன்றாகத் தேறட்டும். அவசரம் இல்லை.

உன் அக்கா,
காசில்டா


சாந்தா குரூஸ், 9 நவம்பர் 1997

அக்கா,

மூட்டை வந்தது. கிழங்கை அன்றைக்கே ஊறவைத்து சூப் வைத்தேன். பக்கத்து அறைக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னக்கா, செருப்பையா வேக வைக்கறீங்க?" என்றாள். பிறகு அவளே இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

போர்வையைப் பற்றி எழுதாமல் இருந்தால் நன்றிகெட்டவள் என்பாய். நீ அன்பாகத்தான் அனுப்பினாய். ஆனால் பிரித்ததும் நான் அவளுக்குக் கொடுக்காத அந்தப் போர்வைதான் கண்ணில் நின்றது. என் பழைய போர்வையைக் கரும்புக் கூடாரத்தில் பிரசவித்த ஒருத்திக்குக் கொடுத்துவிட்டேன். உன்னுடையது மடிப்புக் கலையாமல் பெட்டியில் கிடக்கிறது. நான் வெறும் விரிப்பைப் போர்த்திக்கொண்டு படுக்கிறேன். டெல்மி, "என்னம்மா, தவமா?" என்று கிண்டல் செய்கிறாள். ஆமாம் என்றேன்.

அறுவடை முடிந்தது. கடைசி நாளன்று மேஸ்திரி வண்டியை நிறுத்தி, சமையல்காரிகளுக்கு இடம் இல்லை, நடந்து வாருங்கள் என்றான். ஆறு மாதம் எங்கள் கையால் தின்றவன். டெல்மி ஓடும் லாரியில் பின்பக்கமாக ஏறி, "என் அம்மாவ ஏத்தற வரைக்கும் இறங்க மாட்டேன்" என்று கரும்பு மேல் உட்கார்ந்துகொண்டாள். அப்படி ஓடினாள் அக்கா, மூச்சு வாங்கவே இல்லை. ஆகஸ்டில் செத்துப் பிழைத்தவள் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

அதனால் கேள். பிப்ரவரியில் பள்ளிக்கூடம் திறந்ததும் அவளை அனுப்புகிறேன். இந்த வருஷம் போய்விட்டது. இன்னும் ஒரே ஒரு வருஷம் படித்தால் முடித்துவிடுவாள். இங்கே சேர்க்கலாமா என்று போய்க் கேட்டேன். காகிதம் எல்லாம் பொத்தோசியில் இருக்கிறது என்றார்கள். அதோடு, வாசலில் நின்ற பிள்ளைகள் அவள் பேச்சைக் கேட்டதும் "மலைக்காரி, மலைக்காரி" என்று மூக்கைப் பொத்திக் காட்டினார்கள். டெல்மி ஒருத்தனுக்குக் காலால் பதில் சொன்னாள். அந்தப் பள்ளிக்கூடம் அதோடு முடிந்தது.

அவள் கட்டிலை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதே. இந்தத் தடவை கோட்டு, கம்பளிக் காலுறை எல்லாம் வாங்கி வைத்திருக்கிறேன்.

சுல்மா


பொத்தோசி, 28 நவம்பர் 1997

அன்புள்ள சுல்மா,

டெல்மி தேறியது சந்தோஷம். லாரியில் ஏறியதைப் படித்து நான் சிரித்தேன், பிறகு பயந்தேன்.

பிப்ரவரியில் அனுப்புவது சரிப்படும் என்று தோன்றவில்லை. முதலாளி சென்ற வாரம் வந்திருந்தார். துணி அறையில் சொந்தக்காரர்களைப் படுக்க வைக்கக் கூடாது என்கிறார். அவள் வேலைக்கும் வேறொரு பெண்ணைப் பிடித்துவிட்டேன். மழைக்காலத்தில் ஆள் வரத்தும் குறைவு. இன்னொரு வருஷம் உன்னோடு இருக்கட்டுமே. சாந்தா குரூஸில் பள்ளிக்கூடமா இல்லை? காகிதங்களை எல்லாம் எடுத்து நான் ரெமிகியோவிடம் அனுப்பி வைக்கிறேன். சிரமமில்லை.

இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் மட்டும் வலிக்கிறது.

காசில்டா


சாந்தா குரூஸ், 21 டிசம்பர் 1997

அக்கா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் அது இன்னும் குளிர்ந்துபோனது.

முதலாளி சொன்னாரா? நாலு வருஷமாக அதே துணி அறையில்தான் படுத்தாள். அப்போது அவருக்குக் கண் தெரியவில்லையா? சம்பளம் இல்லாமல் ஒரு பெண் பதினான்கு அறையைக் கூட்டித் துடைத்தது மட்டும் தெரிந்ததா? பொத்தோசியின் உயரம் தன் இதயத்துக்கு ஆகாது என்று கீழே சுக்ரேயில் வீடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் அந்த ஆள். மாதம் ஒரு தடவை ஏறி வருவார், படிக்கட்டில் பாதியில் நின்று நெஞ்சைப் பிடித்துக்கொள்வார், நீ ஓடிப்போய் நாற்காலி போடுவாய். நான் பார்த்திருக்கிறேன். அவர் பேரைச் சொல்லி என்னிடம் கதவைச் சாத்தாதே. பாரம் என்று நினைத்தால் பாரம் என்று எழுது.

அல்லது என் மேல் கோபமா? குளிரில் அனுப்பினவளிடம் எதற்குப் பிள்ளை பேச்சு என்று நினைக்கிறாயா? நினை. நானும் அதைத்தான் நினைக்கிறேன். தேவாலயத்தில் பாதிரியாரிடம்கூடச் சொல்லிவிட்டேன். "இதெல்லாம் பாவமில்லம்மா" என்றார். அவருக்குக் கம்பளி அங்கி இருக்கிறது.

உன் கடிதத்தை டெல்மியிடம் காட்டினேன். "பெரியம்மாவுக்கு என்னப் பாக்க சங்கடமா இருக்கும்" என்றாள். "ஏன்டி, உனக்கு என்ன சங்கடம் பண்ணுனா?" என்றேன். மாவு பிசைய ஆரம்பித்தாள். நீங்கள் இரண்டு பேரும் எதையோ என்னிடமிருந்து மறைக்கிறீர்கள். சண்டை போட்டீர்களா? ஏதாவது உடைத்தாளா? யாராவது விருந்தாளி அவள் மேல் கை வைத்தானா? அதுவாக இருந்தால் சொல், நானே ஏறி வருகிறேன்.

இங்கே சுகாதார நிலையத்தில் நர்ஸ் அவள் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டாள். சுத்தமாக இருக்கிறது என்றாள். பிப்ரவரி ஐந்தாம் தேதி, வியாழக்கிழமை, ரெமிகியோ வண்டியில் அனுப்புகிறேன். இடையில் எங்கும் இறங்க வேண்டாம், நேராக உன் வாசல். நீ திறக்காவிட்டால் மூட்டை மேல் உட்கார்ந்திருப்பாள். உங்கள் வெள்ளைக்காரர்கள் அதையும் போட்டோ எடுத்துக்கொள்ளட்டும்.

சுல்மா


பொத்தோசி, 12 ஜனவரி 1998

சுல்மா,

யாரும் அவள் மேல் கை வைக்கவில்லை. அவள் எதையும் உடைக்கவில்லை. அவள் பாரமும் இல்லை.

நீ சொன்னபடி அனுப்பாதே. நேராக அனுப்பாதே. இந்த உயரம் அவள் நெஞ்சுக்கு ஆகாமல் போகலாம் என்று டாக்டர் ஏதோ சொன்னார். எனக்குச் சரியாக நினைவில்லை. அவள் இங்கே வரவே வேண்டாம் என்றால்தான் எனக்கு நிம்மதி. காரணம் கேட்காதே.

இதற்கு முன் இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன்.

காசில்டா


சாந்தா குரூஸ், 22 ஜனவரி 1998

அக்கா,

உயரம் ஆகாதா? அவளுக்கா? அந்த ஊரில் பிறந்து, அந்த ஊர்ப் படிக்கட்டில் நடை பழகி, ஐந்து வயதில் தாத்தாவுக்குச் சாப்பாடு கொண்டு சுரங்க வாசல் வரை ஓடினவளுக்கா? இதைவிட நல்ல பொய் உனக்குக் கிடைக்கவில்லையா? மீனுக்குத் தண்ணீர் ஆகவில்லை என்று எழுதியிருக்கலாம்.

டிக்கெட் எடுத்தாயிற்று. காரணம் சொல்லாமல் என்னை நிறுத்த முடியாது.

சுல்மா


பொத்தோசி, 3 பிப்ரவரி 1998

சுல்மா,

இதை ரெமிகியோவின் கையில் கொடுக்கிறேன். உன் கையில்தான் கொடுக்க வேண்டும், நீ படித்து முடிக்கும்வரை டெல்மியை வண்டியில் ஏற்றக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கிவிட்டேன். உன் தெருமுனைக் கடைக்குத் தொலைபேசியில் மூன்று தடவை கூப்பிட்டேன். "சுல்மா! பொத்தோசிலேர்ந்து போன்!" என்று கடைக்காரர் கத்துவது கேட்கும். உன் செருப்புச் சத்தம் கேட்கும். வைத்துவிடுவேன். உன் குரலைக் கேட்டால் மறுபடியும் பொய்தான் சொல்வேன் என்று தெரியும். காகிதத்தில்தான் என்னால் முடியும். அதுவும் எட்டாவது காகிதம்.

டெல்மிக்கு வந்தது நிமோனியா இல்லை. பேருந்துக் குளிரும் இல்லை. நீ பத்துப் போர்வை கொடுத்து அனுப்பியிருந்தாலும் அது வந்திருக்கும். அவளுக்கு வந்தது சொரோச்சி, உயரத்து நோய்.

நம்பமாட்டாய். பன்னிரண்டு வருஷம் இந்த மேசைக்குப் பின்னால் நிற்கிறேன். ஏறி வந்த முதல் நாளே தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுக்கிறவர்கள் எத்தனை பேர்! வெள்ளைக்காரர்கள், சமவெளிக்காரர்கள். கோக்கா டீ கொடுப்பேன், படுக்கச் சொல்வேன், ரொம்ப மோசமென்றால் மேசைக்கடியில் இருக்கும் ஆக்ஸிஜன் சிலிண்டர். சொரோச்சி என்றால் வந்தவர்களுக்கு வருவது. நம்மில் ஒருத்திக்கு வரும் என்று நான் நினைக்கவில்லை. நீயும் சிரித்துத்தானே எழுதியிருக்கிறாய்.

செவ்வாய்க்கிழமை காலையில் வந்தாள். உன்னோடு ஆறு வாரம் இருந்து, கறுத்து, கன்னம் உப்பி வந்திருந்தாள். அன்று மதியமே துடைப்பத்தைக் கையில் கொடுத்தேன். புதன்கிழமை இருமினாள். மாடிப்படியில் பாதியில் நின்றாள். "என்னடி, ஆறு வாரத்துல சமவெளிக்காரி ஆயிட்டியா? அடுத்தது விசிறி கேப்ப போலயே" என்றேன். சிரித்தாள். சிரித்ததும் மறுபடி இருமினாள்.

வியாழக்கிழமை மதியம், சுரங்கம் பார்த்துவிட்டு வந்த ஒரு பிரெஞ்சுக்காரி தலைவலி என்றாள். பெரிய தலைவலி இல்லை. ஆக்ஸிஜன் முகமூடியை மாட்டிக்கொண்டு அவள் கையை ஆட்ட, அவள் தோழி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். டெல்மி இரண்டு காலி வாளியோடு இறங்கி வந்தாள். கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். உதடு கறுப்புச் சோளம் மாதிரி கருநீலமாக இருந்தது. நான் அதைப் பார்த்தேன், சுல்மா. பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன்.

"பெரியம்மா, அவங்க முடிச்சதும் எனக்கும் ரெண்டு இழுப்பு குடுங்களேன். நெஞ்சுக்குள்ள ஏதோ கொதிக்கற மாதிரி சத்தம் கேக்குது."

"அது உனக்கில்ல. போர்டுல என்ன எழுதியிருக்கு? படிச்சவதானே, படி."

விருந்தினருக்கு மட்டும் என்று எழுதியிருக்கிறது. என் கையெழுத்துதான்.

"ஏழாம் நம்பர்ல வெந்நீர் கேட்டு மூணு தடவ பெல் அடிச்சாச்சு. எழுந்திரு."

எழுந்தாள். இரண்டு வாளியையும் நிரப்பிக்கொண்டு ஏறினாள். ஒவ்வொரு படியிலும் வாளியை வைத்து வைத்து எடுக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. நான் அந்தப் பிரெஞ்சுக்காரியிடம், இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தேன்.

முதலாளி வரும்போதெல்லாம் சிலிண்டரின் அளவு முள்ளைப் பார்ப்பார், அந்தப் பயத்தில் செய்தேன் என்று எனக்கே ஐந்து மாதம் சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். எனக்கு வெட்கமாக இருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் முன்னால் நம் வீட்டுப் பெண், இந்த மலையில் பிறந்தவள், அவர்களைப் போலவே மூச்சுத் திணறி உட்கார்ந்தது வெட்கமாக இருந்தது. நம்மிடம் இருப்பது அது ஒன்றுதானே, அவர்கள் விழும் இடத்தில் நாம் நிற்போம் என்பது.

நாலு மணிக்கு அந்தப் பிரெஞ்சுக்காரி துண்டு தேடித் துணி அறைக் கதவைத் திறந்தாள். அவள் அலறியதில்தான் நான் ஏறினேன். அதற்குள் அவள் என்னைத் தள்ளிவிட்டுக் கீழே ஓடி, சிலிண்டரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு மேலே வந்தாள். தலைவலிக்காரி, அந்த உயரத்தில், அந்த இரும்பை. முட்டி போட்டு டெல்மியின் முகத்தில் முகமூடியை அழுத்தியவள் அவள்தான். நான் வாசலில் நின்றேன். டெல்மியின் வாயிலிருந்து ரோஜா நிறத்தில் நுரை வந்து தலையணை உறையில் பரவியிருந்தது. எனக்கு முதலில் தோன்றியதைச் சொல்கிறேன். 'இன்றைக்குத்தான் துவைத்த உறை' என்று தோன்றியது. அதுதான் முதலில் தோன்றியது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்னப் பையன். என்னைக் கோபிக்கவில்லை, விளக்கினான். "இங்க பொறந்தவங்களுக்கும் வரும்மா. கீழ போய் சில வாரம் இருந்தா உடம்பு இந்தக் காத்த மறந்துடும். அப்புறம் ஒரே ஓட்டமா ஏறி வந்து, வந்த அன்னிக்கே வேலையும் செஞ்சா, நெஞ்சுக்குள்ள தண்ணி கோத்துக்கும். சின்ன வயசுக்காரங்களுக்குத்தான் அதிகம். ஒரு தடவ வந்தா மறுபடியும் வரலாம். இனிமே கீழ போயிட்டு வந்தா நடுவுல சுக்ரேல அஞ்சாறு நாள் தங்கி வரணும். வந்ததும் கொஞ்ச நாளைக்கு ஒரு துரும்பத் தூக்கக் கூடாது. அவ அம்மாகிட்ட மறக்காம சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது உன் கடிதம் வந்தது. ஸ்வெட்டர், தென்காற்று, போர்வை. எனக்கு வேண்டிய பொய்யை நீயே எழுதி அனுப்பியிருந்தாய். நான் கையெழுத்து மட்டும் போட்டேன்.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல், பிறகு சொல். முதலில் வண்டியின் மேலிருந்து அவள் மூட்டையை இறக்கு.

காசில்டா


சுக்ரே, 12 பிப்ரவரி 1998

காசில்டா,

அக்கா என்று எழுத வரவில்லை. வரும்போது எழுதுகிறேன்.

ரெமிகியோ சத்தியத்தைக் காப்பாற்றினார். வண்டிப் படியில் காலை அகட்டி நின்றுகொண்டு, "படிச்சு முடிங்கம்மா. அது வரைக்கும் பொண்ணு ஏற முடியாது" என்றார். உள்ளே இருந்தவர்கள், "என்னய்யா, காதல் கடுதாசியா? வண்டிய எடு!" என்று கத்தினார்கள். நான் நின்றபடியே படித்தேன். நடுவில் ஓரிடத்தில் எழுத்து தெரியவில்லை. பிறகு மறுபடி முதலிலிருந்து படித்தேன். மூட்டையை இறக்கச் சொன்னேன்.

நிலையத்து பெஞ்சில் உட்கார வைத்துக் கேட்டேன். "டாக்டர் சொன்னது உனக்குத் தெரியுமா?"

"கட்டில்ல படுத்துக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ அனுப்ப மாட்ட. படிப்பு போயிடும்."

"இப்படியே ஏறிப் போயி செத்துருந்தா?"

"போன தடவ சாகலையே."

அறைந்தேன். நிலையத்தில் அத்தனை பேர் முன்னாலும். பிறகு அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அப்போதுதான் அதைச் சொன்னாள்: "பெரியம்மா மேல எனக்குக் கோவமே வரலம்மா. அந்தக் காத்து நமக்கில்லன்னுதான் நானும் நெனச்சேன். கேட்டதுதான் தப்புன்னு நெனச்சுட்டே வாளிய தூக்கிட்டுப் போனேன்."

இதை உனக்கு எழுதாமல் இருக்கலாம் என்று மூன்று நாள் யோசித்தேன். எழுதிவிட்டேன். நீயும் இதோடு படு.

சிலிண்டரை மறுத்ததற்கு உன்னை என்றைக்காவது மன்னிப்பேன். 'மலையில் பிறந்தவள்' என்று நீ சொன்னதைத்தான் நானும் சொன்னேன். டாக்டர் வந்து சொல்லும்வரை நம் இரண்டு பேருக்கும் ஒரே புத்திதான். ஆனால் அக்டோபர் கடிதம் இருக்கிறதே. எனக்கு நீ ஒரு போர்வையும் வாங்கி அனுப்பினாயே. கடையில் நின்று, கையால் தடவிப் பார்த்து, கனமானதாகத் தேர்ந்தெடுத்திருப்பாய். நாலு மாதம் நான் வெறும் விரிப்பைப் போர்த்திக்கொண்டு படுத்தேன். பாதிரியாரிடம் மண்டியிட்டேன். உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே 'உன்னை நீயே நொந்துகொள்ளாதே' என்று எழுதினாய். அதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் சொன்னபடி சுக்ரேயில் தங்கியிருக்கிறோம், இது ஆறாவது நாள். சந்தைக்குப் பின்னால் ஒரு மலிவு விடுதி, இரண்டு கட்டில், வராந்தாவில் பொதுக் குழாய். எங்கள் இரண்டு பேர் வாழ்க்கையிலும் காசு கொடுத்து அறை எடுத்தது இதுதான் முதல் தடவை. டெல்மிக்கு உட்காரத் தெரியவில்லை. காலையில் எழுந்ததும் இரண்டு படுக்கையையும் தட்டி மடித்துவிட்டு, வராந்தாவையும் கூட்ட ஆரம்பித்துவிட்டாள். வீட்டுக்காரி துடைப்பத்தைப் பிடுங்கிக்கொண்டாள். "ஏம்மா, என் பொழப்புல மண்ணப் போட வந்தியா? போய் வெயில்ல உக்காரு. விருந்தாளி மாதிரி ஏதாவது குறை சொல்லு பாப்போம்." டெல்மி ரொம்ப நேரம் யோசித்து, "டீ ஆறிப்போயிருந்துச்சு" என்றாள். இரண்டு பேரும் அப்படிச் சிரித்தார்கள்.

நேற்று மெதுவாக நடந்து உன் முதலாளியின் வீட்டு வழியாகப் போனோம். வெள்ளைச் சுவர், வாசல் நிறைய பூ. அங்கே காற்றுக்குக் குறைவில்லை.

அவளை உன்னிடம் விட எனக்கு மனமில்லை. பொத்தோசியில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் ரெமிகியோ மூலம் இடம் கேட்டு வைத்திருந்தேன். அவள்தான் வேண்டாம் என்றாள். நீ என்ன செய்தாய் என்று நான் அவளுக்கு நினைவுபடுத்தினேன். அதற்கு அவள் சொன்னது: "வேற யார் வீட்ல இருந்தாலும், நான் படியில நின்னா சோம்பேறின்னுதான் நெனப்பாங்க. என் உதடு நிறம் மாறினா என்னன்னு அந்த ஊர்லயே பெரியம்மாவுக்கு மட்டுந்தான் தெரியும்." அந்த வீடு வேண்டாம் என்று ரெமிகியோவிடம் சொல்லிவிட்டேன்.

கூலியில்லாமல் இனி ஒரு அறையையும் கூட்டமாட்டாள். அதை முதலாளியிடம் நீ சொல்லு, அல்லது நான் சொல்கிறேன். போகிற வழியில்தான் வீடு.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு இறங்குவோம். பேருந்து நிலையத்துக்கு வா. என்னோடு பேசாதே. அவள் கையிலிருந்து பையை வாங்கிக்கொள்.

சுல்மா